மிதின்னா எதை மிதிக்கிறது, மாப்ளே?

வாங்க மாப்ளே, திண்ணையில உக்காருங்க. மோர் குடிங்க. நீங்க வாயைத் தொறக்கவே வேணாம், விஷயம் உங்களுக்கு முன்னாடியே இங்க வந்து சேந்துருச்சு. எங்க பொண்ணுக்குக் காரு ஓட்டக் கத்துக் குடுத்தீங்களாம். தர்மபுரி நாலு ரோட்டுல வண்டி அணைஞ்சு நின்னு போச்சாம். பின்னாடி நின்ன பஸ்காரன் ஏர் ஹாரனை அடிச்சது அரை நிமிஷம்தானாம், நீங்க அடிச்சது வீடு வந்து சேர்ற வரைக்குமாம். இப்ப ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்ல. "அம்மாவைக் காப்பி போடச் சொல்லு", "அப்பாவையே போட்டுக்கச் சொல்லு"ன்னு நடுவுல கொழந்தை தூது போய்க்கினு கெடக்குது. சரி, பெரிய மாமனார்னு மதிச்சு நியாயம் கேக்க வந்திருக்கீங்க. நாலு வார்த்தை சொல்றேன். கசந்தா மோரு கையிலதான இருக்குது.

மொதல்ல எனக்கொரு சந்தேகம். கிளட்ச்சுல கால் வச்சே அறியாத பொண்ணை மொத வாரத்துலயே நாலு ரோட்டுக்கு ஓட்டிக்கினு போகச் சொன்னீங்களே, அங்கதான் பரீட்சை நடக்குதுன்னு யாராச்சும் சொன்னாங்களா? பஸ்ஸு ஒரு பக்கம், தக்காளி ஏத்துன டெம்போ ஒரு பக்கம், ரோட்டைக் குறுக்க கடக்கிற சனம் ஒரு பக்கம். அங்க ஓட்டறதுன்னா இருவது வருஷம் லாரி ஓட்டுன எனக்கே வேர்க்கும். பத்தாததுக்குப் பின் சீட்டுல உங்க அம்மாவை வேற உக்கார வச்சீங்களாம். சம்பந்தி அம்மா மேல எனக்கு ரொம்ப மரியாதை. ஆனா புதுசா கியர் போடற மருமக முதுகுக்குப் பின்னாடி "ஆண்டவா, முருகா"ன்னு மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கினு ஒரு மாமியார் உக்காந்திருந்தா, பழகுன டிரைவருக்கே கால் நடுங்கும். அவங்களை வீட்டுலயே விட்டுட்டுப் போங்க. அங்கயும் முருகன் இருக்கான்.

அப்பறம் என்னமோ "மிதி, மிதி"ன்னு கத்துனீங்களாமே. கீழ மூணு இருக்குது மாப்ளே. எதைன்னு சொன்னீங்க? பாப்பா பயந்து போயி கையில கெடச்ச கொடியைப் புடிக்கிறாப்பல கால்ல பட்டதை மிதிச்சிருக்குது. அது ஆக்சிலேட்டரா இல்லாம போனதுக்குக் காரிமங்கலம் அருணேசுவரனுக்கு ஒரு தேங்கா உடைங்க.

கொஞ்சம் அவ பக்கமும் யோசிச்சுப் பாருங்க. அது இத்தனை வருஷமா ஓட்டறது என்ன வண்டி? 2018-ல வேலைக்குப் போற பொம்பளைங்களுக்கு அரசாங்கம் பாதி வெலை, அதிகம் போனா 25,000 ரூபாய்னு மானியம் குடுத்துச்சே, அந்த அம்மா ஸ்கூட்டர். அதுல கிளட்ச்சும் கெடையாது, கியரும் கெடையாது. பிரேக்கு ரெண்டு கையில. பயம் வந்தா ரெண்டு கையையும் இறுக்கணும், வண்டி நின்னுரும். கை அப்படித்தான் பழகியிருக்குது. காருல பயம் வந்தாலும் கை பழக்க தோஷத்துல இறுக்கத்தான் செய்யும். அங்க இறுக்குனா ஸ்டீரிங்தான் இருக்குது, பிரேக்கு எங்கயோ கீழ கெடக்குது. அதுவும் போக ஸ்கூட்டர்ல எடது காலுக்கு சிக்னல்ல ஊனி நிக்கிறதைத் தவிர வேலையே இல்ல. சும்மா இருந்த காலைக் கூப்புட்டு, மூணு வேலையில ரொம்பக் கஷ்டமான வேலையைக் குடுத்துட்டு, "இது கூடத் தெரியலயா"ன்னு கேட்டிருக்கீங்க. ஆபீஸ்ல உங்களை யாராச்சும் அப்படிக் கேட்டா அன்னிக்கு ராத்திரி நீங்க சாப்புடுவீங்களா?

கிளட்ச்சுங்கறது என்னன்னு அவளுக்குச் சொன்னீங்களா? நீங்களே எனக்குச் சொல்லுங்க பாப்போம். ம்... தெரியும், ஆனா சொல்ல வரல. அதான் கோளாறே. எஞ்சின் சும்மா நிக்கும்போதே நிமிசத்துக்கு எழுநூறு, எண்ணூறு சுத்து சுத்திக்கினு இருக்குது. சக்கரமோ அசையாம நிக்குது. ஓடறதையும் நிக்கறதையும் சண்டை இல்லாம சேத்து வைக்கணும். அதுக்குத்தான் நடுவுல ஒரு தட்டு. எஞ்சினோட சுத்துற ஃப்ளைவீல் மேல அந்தத் தட்டு மெதுவா ஒட்டணும். மொதல்ல வழுக்கும், அப்பறம் புடிக்கும், கடைசியில ரெண்டும் ஒண்ணாச் சுத்தும். காலைப் பட்டுனு எடுத்தா, நிக்கிற சக்கரம் ஓடற எஞ்சினைப் புடிச்சு நிறுத்திரும். நாலு ரோட்டுல நடந்தது அவ்வளவுதான். வண்டிக்கும் ஒண்ணும் ஆகல, வம்சத்துக்கும் ஒண்ணும் ஆகல. சாவியைத் திருப்புனா மறுபடி ஓடப் போவுது.

அந்தப் புடிக்கிற எடம் இருக்குதே, அதை வாயால சொல்லிக் குடுக்க முடியாது. காலுக்குத்தான் தெரியணும். களி கிண்டறப்போ மாவு வெந்து சேந்துருச்சுன்னு துடுப்புப் புடிக்கிற கைக்குத் தெரியுதில்ல, அப்படி. நீங்க ஒரு தடவை கிண்டுன களி எனக்கு ஞாபகம் இருக்குது. பாதி கட்டி, பாதி கஞ்சி. அன்னிக்கு எங்க பொண்ணு பக்கத்துல நின்னுக்கினு "கிண்டு, கிண்டு, எங்க பாத்துக்கினு கிண்டறீங்க"ன்னு ஊரைக் கூட்டுச்சா? பேசாம தட்டுல வாங்கிச் சாப்புட்டுச்சு.

வழி சொல்றேன், கேளுங்க. சமமான எடமா பாருங்க. பிளாட் போட்டு, கல்லு நட்டு, கொடி கட்டி, ஒரு வீடு கூட வராத லேஅவுட் நம்ம ஜில்லாவுல பஞ்சமா? தார் ரோடும் போட்டு வச்சிருப்பான், ஆடு மேய்க்கிறவனைத் தவிர ஒருத்தனும் இருக்க மாட்டான். அங்க போயி, காலைக் கிளட்ச்சுல வச்சு மொத கியரைப் போடச் சொல்லுங்க. ஆக்சிலேட்டர் பக்கமே போக வேணாம். கிளட்ச்சை மட்டும் நூல் நூலா மேல விடட்டும். ஒரு எடத்துல எஞ்சின் சத்தம் லேசா எறங்கும், வண்டி ஒரு சிலிர்ப்பு சிலிர்க்கும். அங்கயே காலை நிறுத்தச் சொல்லுங்க. வண்டி தானா நகரும். அப்பறம் கிளட்ச்சை முழுசா மிதிச்சு, பிரேக்கு மிதிச்சு நிறுத்தணும். மறுபடி அதே. அவளுக்கே சலிப்பு வந்து "போதும், அடுத்தது என்ன"ன்னு கேக்கற வரைக்கும் அது ஒண்ணுதான் பாடம். ரெண்டாவது கியரு, யூ டர்னு, உங்க பழைய வீரக்கதை எதுவும் அன்னிக்கு வேணாம்.

காலு பழகுனப்பறம் ஏத்தம். பென்னாகரத்துலருந்து ஒகேனக்கல் எறங்குற காட்டு ரோடு இருக்குதே, திரும்பி ஏறி வர்றப்போ வளைவுல முன்னாடி பஸ்ஸு நின்னுச்சுன்னா நாமளும் நின்னு, நின்ன எடத்துலருந்து கெளம்பணும். அங்க போயிக் கத்துக்காதீங்க. ஊருக்குள்ள சின்னதா ஒரு மேடு போதும். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் புடி, மொத கியர், கிளட்ச்சைப் புடிக்கிற எடத்துக்குக் கொண்டா, லேசா ஆக்சிலேட்டர் குடு, வண்டி மூக்கைத் தூக்குனதும் ஹேண்ட் பிரேக்கை விடு. பின்னாடி உருளாது. சிக்னல் ஏத்தத்துல நீங்க செய்யிற வேலை மட்டும் வேணாம்: பாதி கிளட்ச்சுல, ஆக்சிலேட்டரை உறுமவிட்டு வண்டியத் தொங்க விட்டுக்கினு நிக்கிறது. அப்படித் தேயற தட்டுக்கு மெக்கானிக்கு நீங்கதான பணம் கட்டறீங்க. அவ கத்துக்கறதால கிளட்ச் தேஞ்சுருச்சுன்னு நாளைக்கு இங்க வந்து கணக்குச் சொல்லக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்.

எங்க காலம் வேற. அப்ப லாரியில கியரு மாத்தணும்னா டபுள் கிளட்ச். ஒரு மிதி நியூட்ரலுக்கு, ஒரு மிதி கியருக்கு. வேகம் ஒத்துப் போகலன்னா கியரு பாக்ஸ் பல்லைக் கடிக்கிற சத்தம் டீக்கடை வரைக்கும் கேக்கும். 1928-ல அமெரிக்காவுல காடிலாக் கம்பெனிக்காரன் அந்தப் பல்லுங்க வேகத்தைத் தானாச் சமமாக்குற ஏற்பாட்டைக் காருல வச்சான். அந்தப் புண்ணியம்தான் உங்க வண்டி வரைக்கும் வந்திருக்குது. அதனால நீங்க பெரிய ஓட்டுனருன்னு நெனைச்சுக்க வேணாம். உங்க கியரு பாக்ஸ் பொறுமைசாலி, அவ்வளவுதான்.

இப்ப ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. டிரைவிங் ஸ்கூல் வண்டியப் பாத்திருக்கீங்கல்ல? சொல்லிக் குடுக்கற ஆளு எடது பக்கம் சாஞ்சு, ஜன்னல்ல கையை வச்சுக்கினு, சாவகாசமா பாட்டுக் கேட்டுக்கினு வருவாரு. பொறுமையில அவரு புத்தரா? இல்ல. அவரு காலடியிலயும் ஒரு பிரேக்கு, ஒரு கிளட்ச்சு இருக்குது. அந்த வண்டிக்கு அப்படி டூயல் கண்ட்ரோல் வைக்கணும்னு சட்டமே சொல்லுது. வேணுங்கறப்போ அவரு காலால நிறுத்திருவாரு. உங்க காலடியில என்ன இருக்குது? மிதியடி. நிறுத்த வழியில்லாத மனுசன் வாயால நிறுத்தப் பாக்கறான். அந்தக் கத்தலெல்லாம் கோவம் இல்ல மாப்ளே, பிரேக்கு இல்லாத பயம். ஆனா கேக்கறவளுக்கு அது கோவமாத்தான் கேக்கும். உங்களுக்கு எட்டுறது ஒண்ணே ஒண்ணுதான், நடுவுல இருக்கற ஹேண்ட் பிரேக்கு. கையை அதும்மேல வச்சுக்குங்க, வாயை மூடிக்குங்க. அதுவும் முடியலயா, பணத்தைக் கட்டி ஸ்கூல்ல விட்டுருங்க. காருக்குச் சீட்டு கவரு வாங்கற காசுக்குக் கணக்குப் பாக்காத ஆளு, இதுக்கா பாக்கறீங்க?

பயந்தான்னு சொன்னதும் மூஞ்சி சுருங்குது. சரி, பயமில்லாத ஆளு நீங்க. சேலம் போறப்போ தொப்பூர் எறக்கத்துல வண்டிய நியூட்ரல்ல விட்டீங்களாமே? டீசல் மிச்சமாம். பாப்பா சொல்லுச்சு. அது பக்கத்துல உக்காந்து கத்துச்சா அன்னிக்கு? வயித்தைப் புடிச்சுக்கினு பேசாம வந்துச்சாம். இப்ப வர்ற வண்டிங்கள்ல கியர்ல இருக்கறப்போ ஆக்சிலேட்டர்லருந்து காலை எடுத்தா, எறக்கத்துல எஞ்சினுக்கு டீசல் போறதே நின்னுரும். சக்கரம்தான் எஞ்சினைச் சுத்தும். நியூட்ரல்ல போட்டா அது அணையாம இருக்கறதுக்குச் சொட்டுச் சொட்டாக் குடிச்சுக்கினே இருக்கும். மிச்சமும் இல்ல, எஞ்சின் புடிப்பும் இல்ல. பாரம் பூரா பிரேக்கு மேல. பிரேக்கு சூடேறுச்சுன்னா மிதிக்க மிதிக்கப் புடிக்காது. லாரிக்காரனுங்களுக்கு அங்க கீழ் கியர்ல எறங்குன்னு போர்டு வச்சுச் சொல்லிக்கினேதான் இருக்காங்க. 2020 டிசம்பர்ல ஒரே ஒரு லாரி நிக்கிற வண்டிங்க மேல வரிசையா ஏறி நாலு உசுரு போன எடம் அது. அந்த எடத்துல வெளையாடற நீங்க, நாலு ரோட்டுல வண்டி அணைஞ்சு நின்ன பொண்ணைப் பாத்து "உனக்கு ரோட்டு அறிவே இல்ல"ன்னு சொல்லியிருக்கீங்க. இந்த வீட்டுல யாருக்கு யாரு பாடம் எடுக்கணும்கறதை நான் சொல்லல, நீங்களே யோசிச்சுக்குங்க.

பொம்பளைக்கு எதுக்குக் காருன்னு உங்க சித்தப்பா கேட்டாராமே. அவருக்கு நான் பதில் சொன்னதாச் சொல்லுங்க. நம்ம குமாரசாமிப்பேட்டை சிவசுப்பிரமணியர் கோயில் தைப்பூசத்துல பொம்பளைங்க மட்டுமே வடம் புடிச்சு இழுக்கற தேரோட்டம் நடக்குது. எத்தனை டன்னு இருக்கும் தேரு! சாமியே நம்பி ஏறி உக்காந்திருக்காரு, உங்களுக்கு ஒரு சின்னக் காருல உக்கார நடுங்குது. தேருக்கு முட்டுக்கட்டை போடறவங்க தேவைதான், ஆனா சக்கரம் உருள்றதுக்கு முன்னாடியே போட்டுட்டா தேரு எங்க போறது?

இந்தத் தகடூர் மண்ணுல வண்டி, சக்கரம்னு பேசுன பொம்பளை இன்னிக்கு நேத்து பொறந்தவ இல்ல. அதியமானைப் பத்தி ஔவையார் என்னான்னு பாடுனா? ஒரு நாளைக்கு எட்டுத் தேரு செய்யற தச்சன் ஒரு மாசம் மெனக்கெட்டுச் செஞ்ச ஒத்தைச் சக்கரம் மாதிரி பலசாலின்னா. அவன் மவன் பொகுட்டெழினியை என்னான்னா? உப்பு விக்கிறவங்க மேடு பள்ளத்துல போறப்போ அச்சு முறிஞ்சா என்ன பண்றதுன்னு வண்டிக்குக் கீழ கட்டி வைக்கிற சேம அச்சுன்னா. நம்ம ஸ்டெப்னிக்கு முப்பாட்டன் அது. புறநானூறு இருக்குது, எடுத்துப் பாருங்க. வண்டியோட வயித்துல என்ன கட்டியிருக்குதுன்னு குனிஞ்சு பாத்தவதான் அப்படிப் பாட முடியும். உங்க காருல ஸ்டெப்னி எங்க இருக்குது, ஜாக்கி எங்க வைக்கணும்னு எங்க பொண்ணுக்குக் காட்டுனீங்களா? மொரப்பூர் தாண்டி ராத்திரி பஞ்சர் ஆனா உங்களுக்குப் போன் அடிக்கணும், நீங்க வரணும், அதுதான உங்க திட்டம்?

கட்டுனவன் சொல்லிக் குடுத்தாத்தான் பொண்டாட்டி ஓட்டுவான்னும் ஒரு சட்டம் இல்ல. ஜெர்மனியில கார்ல் பென்ஸுன்னு ஒருத்தர், மோட்டார் வண்டியக் கண்டுபுடிச்சவரு. கண்டுபுடிச்சு ஊருக்குள்ள ஓட்டியும் காட்டுனாரு, ஆனா நெடுந்தூரம் போனதில்ல. 1888 ஆகஸ்டுல அவரு பொஞ்சாதி பெர்த்தா என்ன பண்ணுச்சு? புருசன் தூங்கறப்போ ரெண்டு பசங்களையும் கூட்டிக்கினு, அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வண்டிய எடுத்துக்கினு நூறு கிலோமீட்டருக்கு மேல ஓட்டி அம்மா வீட்டுக்குப் போயிருச்சு. எண்ணெய்க் குழாய் அடைச்சுக்கினதும் தொப்பி ஊசியால குத்தி எடுத்துச்சு. பிரேக்குக் கட்டை தேஞ்சதும் செருப்புத் தைக்கிறவருகிட்டச் சொல்லித் தோல் அடிச்சுக்கினுச்சு. ஊர் போய்ச் சேந்துட்டு புருசனுக்குத் தந்தி குடுத்துச்சு. வண்டி ஓடுதுன்னு ஊரு நம்புனது அதுக்கப்பறம்தான். அந்தப் பட்டறைக்கு ஆரம்பத்துல கைகுடுத்ததே அந்தம்மாவோட பணம்தான். உங்க காருக்கு மாசத் தவணை யாரு சம்பளத்துலருந்து போவுதுன்னு நான் கேக்க வரல. அது புருசன் பொண்டாட்டி விஷயம்.

அவ்வளவு தூரம் போவானேன். குமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-லயே அரசு பஸ்ஸுக்கு டிரைவராச் சேந்து ஓட்டுச்சு. இத்தாம் பெரிய பஸ்ஸு, அம்பது அறுவது சனம். அதுல ஏறி உக்காந்த ஆம்பளைங்க யாரும் "மிதி, மிதி"ன்னு கத்துனதா நான் கேள்விப்படல.

ஆங், முக்கியமானதை விட்டுட்டேன். எல்.எல்.ஆர். போட்டாச்சா? தலையைச் சொறியாதீங்க. ஸ்கூட்டர் லைசென்ஸ் காருக்குச் செல்லாது. லைசென்ஸ் இல்லாம ஓட்டுனா ஓட்டுனவளுக்கு 5,000 ரூபாய், வண்டியத் தூக்கிக் குடுத்த உங்களுக்கு 5,000 ரூபாய். எதையாச்சும் இடிச்சு வச்சா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சுருவான். எல்.எல்.ஆர். எடுத்தா வண்டிக்கு முன்னாடியும் பின்னாடியும் வெள்ளையில சிவப்பு எல் போர்டு, 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் கொறையாம. பக்கத்துல லைசென்ஸ் இருக்கறவரு, வண்டிய நிறுத்தற தோதுல உக்காந்திருக்கணும். போன் நோண்டறதுக்கு இல்ல. 30 நாள் முடிஞ்சதும் டெஸ்டுக்குப் போலாம். 6 மாசம் வரைக்கும் செல்லும்.

எந்திரிங்க, வெயில் தாழ்ந்துருச்சு. வீட்டுக்குப் போயி மொதல்ல கொழந்தைய அந்தத் தூது வேலையிலருந்து விடுவிங்க. பாப்பாகிட்ட நேராப் பேசுங்க. நாளைக்கே எல்.எல்.ஆருக்கு எழுதிப் போடுங்க. அது கைக்கு வந்ததும் ஒரு ஞாயித்துக்கெழமை வெள்ளென லேஅவுட்டுக்குப் போங்க, சாவிய அவ கையில குடுத்துட்டு எடது பக்கக் கதவைத் தொறந்து நீங்க ஏறுங்க. டெஸ்டு அன்னிக்கு மட்டும் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குள்ள போகாதீங்க மாப்ளே. எதிர்த்தாப்பல டீக்கடை இருக்கும், அங்க உக்காந்து ஒரு டீ குடிங்க. அவ பாஸ் பண்ணிட்டு வந்து உங்களைக் கூட்டிக்கினு போவா.